கெட்டி எண்ணெய் வைத்தியம்

போன நவம்பர் கடைசியில் குன்னூரில் வேலை கிடைத்து, ஊட்டி பிங்கர் போஸ்ட்டில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடிவந்தோம். கூடவே எங்கள் பழைய பெட்ரோல் காரும் மலையேறியது. 2009 மாடல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, பாவம், தப்பு அதன் மேல் இல்லை.

கோவையில் இருந்தவரை பரம சாது. இங்கே வந்த மூன்றாம் நாள் காலை ஆறேகாலுக்குச் சாவியைத் திருப்பினேன் பாருங்கள், பானெட்டுக்குள் நாலு டெய்லர்கள் உட்கார்ந்து தீபாவளிக்கு முதல் நாள் தைக்கிற மாதிரி டகடகடகடக என்று ஒரு சத்தம். போனில் பார்த்தால் 4 டிகிரி. எதிர்வீட்டு ஜன்னலில் லைட் எரிந்தது. பக்கத்து வீட்டில் நாய் எழுந்தது. என் அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து நின்று கேட்டுவிட்டு, "உன் வண்டியும் என் முட்டியும் ஒண்ணுதாண்டா, குளிர்ல எழுந்திரிக்கணும்னா ரெண்டும் சத்தம் போடுது" என்றார்.

குன்னூர் போகும் வழியில் லவ்டேல் தாண்டுவதற்குள் சத்தம் தானாக நின்றுவிட்டது. மறுநாள் காலை மறுபடியும் டெய்லர் கடை திறந்தது.

இந்த மாதிரி விஷயத்தில் நம் ஊரில் ஒரு வசதி உண்டு, நாம் யாரையும் தேடிப் போக வேண்டாம், வைத்தியர்கள் தாமாகவே வருவார்கள். முதலில் வந்தவர் ஹவுஸ் ஓனர். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், பதினாலு கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். காதை லேசாகச் சாய்த்துக் கேட்டவர், "டேப்பெட் அடிக்குது தம்பி. எண்ணெய் தண்ணியாப் போச்சு. நல்லா கெட்டியா ஊத்துங்க, கப்புனு நின்னுடும்" என்றார். டேப்பெட் என்றால், இன்ஜினுக்குள் காற்று போகவர வழிவிடும் வால்வைத் தட்டித் திறக்கிற குட்டிப் பாகம். அடுத்து அமெரிக்காவில், மினியாபொலிஸில் இருக்கும் என் மச்சினன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மாமா, இங்க மைனஸ் 25. நாங்க எல்லாம் ஜீரோ டபிள்யூ 20 எண்ணெய்தான், தண்ணி மாதிரி இருக்கும்" என்றான். ஆபீஸ் நண்பர் ஒருவர் எண்ணெயோடு சேர்த்து ஊற்றுகிற டப்பா மருந்து ஒன்றைச் சிபாரிசு செய்தார். நான் யார் பேச்சையும் கேட்காமல் என் சொந்த புத்தியில் ஒரு காரியம் செய்தேன். எண்ணெய் போதவில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி, பழைய ஓனர் டிக்கியில் விட்டுப்போன கேனிலிருந்து முக்கால் லிட்டரை எடுத்து ஊற்றினேன். எண்ணெய் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கவில்லை. அது ஒரு குறை என்று அப்போது தோன்றவும் இல்லை.

மறுநாள் டெய்லர்கள் நாலு பேர் எட்டுப் பேராகியிருந்தார்கள். லவ்டேலில் நிற்க வேண்டிய சத்தம் கேத்தி வரை வந்தது.

மெக்கானிக்கிடம் போகலாம் என்றால் அதில் ஒரு தர்மசங்கடம். ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போவதற்குள் இன்ஜின் சூடாகி வண்டி சாதுவாகிவிடுகிறது. டாக்டர் ரூமுக்குள் போனதும் இருமல் நின்றுவிடுமே, அந்தக் கதை. இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் அவமானப்பட்ட பிறகு, மெக்கானிக் பாய் என் மேல் இரக்கப்பட்டு, "நாளைக்கு நீங்க ஸ்டார்ட் பண்ணாதீங்க சார், நானே வரேன்" என்றார்.

வந்தார். காலை ஆறு மணி, குரங்குக் குல்லா, கையில் ஒரு முழ நீளத்துக்கு ஸ்க்ரூ டிரைவர். ஸ்டார்ட் செய்யச் சொல்லி, குல்லாவை ஒரு பக்கம் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் அழுத்தி, முனையை இன்ஜின் தலையில் ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டார். கண் மூடியிருந்தது, மூக்கிலிருந்து மட்டும் ஆவி வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு இடத்தில் நிறுத்தி என் காதிலும் வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், மண்டைக்குள் யாரோ சாவிக்கொத்தை ஆட்டின மாதிரி இருந்தது. "மேல் சத்தம்தான் சார். டேப்பெட்டைத் தட்டுற கேம் சுத்துற கணக்குல அடிக்குது, இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு அடி. கீழ் சத்தம்னா கனமா, தொம் தொம்னு வரும். அது வந்தா நீங்க வண்டியைப் பத்தி யோசிக்க மாட்டீங்க, லோனைப் பத்தி யோசிப்பீங்க."

பிறகு டிப்ஸ்டிக்கை உருவினார். மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடைக்கு எண்ணெய். என்னைப் பார்த்தார். நான் வேலி மேல் இருந்த பனியைப் பார்த்தேன்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரைக்கும் விஷயம் இதுதான். இந்த இன்ஜினில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பெட். உள்ளே விரல் நுனி அளவுக்கு ஒரு பிஸ்டன், அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், எண்ணெயை உள்ளே விட்டு வெளியே விடாத ஒரு குட்டிக் குண்டு. அந்தச் சின்ன அறை எண்ணெயால் நிறைந்திருந்தால், கேமுக்கும் வால்வுக்கும் இடையில் இடைவெளியே இருக்காது, சத்தமும் இருக்காது. ராத்திரி வண்டி நிற்கும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இறங்கிவிடும். காலையில் பம்ப் அதை மறுபடி மேலே தள்ளி நிரப்ப வேண்டும், அதுவரைக்கும் இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டிருக்கும். எண்ணெய் குளிரில் பாகாகி இருந்தால் அந்த ஊசித் துவாரங்களில் நுழைய நேரமாகும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் வம்பு, இன்ஜின் அடியில் சுற்றும் கிராங்க் தண்டு அதில் முங்கி மோர் கடைந்து நுரை கிளப்பிவிடும், நுரையில் இருப்பது காற்று, காற்றை அழுத்தினால் அமுங்கும், அப்புறம் டேப்பெட் எங்கே நிமிர்ந்து நிற்கும்? எட்டு டெய்லருக்குக் காரணம் நான்.

ஹவுஸ் ஓனர் சொன்னது பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஓட்டிய காலத்து வண்டிகளில் ஸ்க்ரூ திருகி இடைவெளி வைக்கிற டேப்பெட். அங்கே கெட்டி எண்ணெய் அந்த இடைவெளியில் மெத்தை மாதிரி உட்கார்ந்து சத்தத்தை அமுக்கும். அவர் வைத்தியம் அவர் வண்டிக்குச் சரி.

பானெட் ஓரத்தில் அழுக்கோடு அழுக்காக ஒட்டியிருந்த ஸ்டிக்கரை பாய் துடைத்தார். கோவையில் கடைசியாக ஊற்றிய எண்ணெய் 20 டபிள்யூ 50. காரோடு வந்த புத்தகத்தில், நான் அதுவரை திறந்தே பார்க்காத புத்தகத்தில், 5 டபிள்யூ 30 என்று இருந்தது. இத்தனை நாள் அந்த டபிள்யூவை 'வெயிட்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது 'வின்டர்' ஆம். முதல் நம்பர் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் வரும் நம்பர் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. 20 டபிள்யூவை மைனஸ் 15-லும் 5 டபிள்யூவை மைனஸ் 30-லும் வைத்துச் சோதிப்பார்களாம். ஊட்டி மைனஸ் 15-ஐக் கனவிலும் தொடாது, அதனால்தான் என் வண்டி ஸ்டார்ட் ஆவதில் குறையே இல்லை. ஆனால் ஸ்டார்ட் ஆவது வேறு, உச்சியில் இருக்கும் டேப்பெட்டுக்கு எண்ணெய் போய்ச் சேர்வது வேறு. மச்சினனின் ஜீரோ டபிள்யூ 20? "அந்த 20 சூட்டுல ரொம்ப இளசு சார், இந்த இன்ஜினுக்குப் புத்தகம் 30 கேக்குது, நாம ஏன் குறைக்கணும்" என்று பாய் முடித்துவிட்டார்.

இதை எல்லாம் என் மனைவி ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: "தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம், இதுக்கா இவ்வளவு நேரம்?" ஊட்டியில் குடியிருப்பவர்களுக்கு இது பாடமே வேண்டாம். தேங்காய் எண்ணெய் பாட்டில் தினமும் மதில் மேல் வெயில் காய்கிறது, பக்கத்தில் நல்லெண்ணெய் எதற்கும் அசையாமல் இருக்கிறது.

ஆனாலும் நான் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை. புது 5 டபிள்யூ 30 கேன் வாங்கினேன், பழையதைவிட ஆயிரத்துச் சொச்சம் கூடுதல், வலித்தது. அம்மாவின் காலித் தைல பாட்டில் இரண்டைக் கழுவி, ஒன்றில் டிக்கி கேனிலிருந்த 20 டபிள்யூ 50, இன்னொன்றில் புதியது, ராத்திரி மதில் மேல் வைத்தேன். விடிந்து பார்த்தால் மூடி மேல் வெள்ளையாகப் பனி. இரண்டையும் ஒன்றாகச் சாய்த்தேன். புதியது சட்டென்று கழுத்துக்கு வந்துவிட்டது. பழையது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பையன் எழுந்திருக்கிற மாதிரி, முதலில் ஓர் ஓரம், அப்புறம் ஒரு யோசனை, அப்புறம் இன்னோர் ஓரம்.

அன்றைக்கே எண்ணெயை மாற்றினோம். ஃபில்டரையும் பாய் மாற்றிவிட்டார். பழைய ஃபில்டருக்குள் எண்ணெயைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கிற ரப்பர் விறைத்து அப்பளமாகியிருந்தது. ஆகவே சத்தத்தை நிறுத்தியது எண்ணெயா ஃபில்டரா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, இரண்டுக்கும் காசு கொடுத்தவன் நான், புண்ணியத்தை அவர்களே பங்கு போட்டுக்கொள்ளட்டும். மறுநாள் 3 டிகிரி. சாவியைத் திருப்பினேன். டகடக... மூன்று விநாடி, நான்கு விநாடி, அமைதி. நாய்கூட எழவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு பாட்டிலையும் மதில் மேலேயே மறந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அம்மா வெயில் படும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். முட்டி இரண்டும் பளபளவென்று மின்னுகிறது. பக்கத்தில் இரண்டு பாட்டிலும்.

"ரெண்டு தைலம் வாங்கி வச்சிருக்கியே, சொல்லவே இல்லையே. இடது கால்ல தேய்ச்சது ஒரே பிசுபிசுப்பு, அப்படியே நிக்குது. வலது கால்ல தேய்ச்சது தேவலை, சட்டுனு பரவுது. வாசனைதான் ஒண்ணுமே இல்லை."

ஓடிப்போய் வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து, அவர் திட்டத் திட்ட, இரண்டு முட்டியையும் மூன்று தடவை கழுவித் துடைத்தேன். என்ன எண்ணெய் என்று சொன்னதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு எழுந்து நின்று, காலை மடக்கிப் பார்த்து, "வலதுல சத்தம் வரலையேடா" என்றார்.

மாடியிலிருந்து இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஹவுஸ் ஓனர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கூப்பிட்டார்.

"தம்பி, இந்தக் குளிருக்கு அம்மாவுக்குத் தண்ணி எண்ணெய் எல்லாம் ஆகாது. நல்லா கெட்டியாத் தேய்க்கச் சொல்லுங்க."