512 பைட் இடத்தில் 536 பைட்

1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டேப்பன் மோரிஸ் இணையத்தில் ஏவிய, தானாகவே பரவும் புழுநிரலுக்குக் கணினிகளுக்குள் நுழையப் பல வழிகள் தெரிந்திருந்தன. சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலில் திறந்து கிடந்த வாசலையும் ஊகிக்க எளிதான கடவுச்சொற்களையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். என்னை இன்றும் உறுத்துவது, பி.எஸ்.டி. யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த ஃபிங்கர் சேவையில் இருந்த ஒரே ஒரு நிரல்வரி.

ஒரு பயனரைப் பற்றி வெளியிலிருந்து கேட்டால் விவரம் தருவதே அந்தச் சேவையின் வேலை. வரும் கேள்வியை வாங்கி வைக்க ஸ்டாக் எனும் தற்காலிக நினைவகப் பகுதியில் 512 பைட் பஃபர், அதாவது தரவைத் தாங்கும் இடம், ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பயனர்பெயருக்கு அது தாராளம். ஆனால் கேள்வியைப் படிக்கும் பொறுப்பு சி மொழியின் 'கெட்ஸ்' என்ற செயற்கூறிடம் இருந்தது. பஃபர் எங்கே தொடங்குகிறது என்று அதனிடம் சொல்லலாம். எங்கே முடிகிறது என்று சொல்ல வழியே கிடையாது. வரி முடியும்வரை அது எழுதிக்கொண்டே போகும்.

புழு 536 பைட் அனுப்பியது. மிஞ்சியவை பஃபரைத் தாண்டி விழுந்தன. வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி அங்கேதான் இருந்தது. அது அழிந்து, பஃபருக்குள்ளேயே சுட்டும் முகவரி ஒன்று அதன் இடத்தில் அமர்ந்ததால், வேக்ஸ் கணினியின் செயலி, அந்நியர் அனுப்பிய எழுத்துகளையே கட்டளைகளாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றத் தொடங்கியது. முதலில் ஒன்றும் செய்யாத கட்டளைகள் 400. முகவரி சற்றுப் பிசகினாலும் அவற்றின்மீது நகர்ந்து உரிய இடத்துக்கு வந்துவிடலாம். அடுத்து, கணினிக்கு ஆணையிட உதவும் ஷெல் நிரலைத் திறக்கும் சில கட்டளைகள், அவ்வளவுதான். சன் நிறுவனக் கணினிகளுக்கு அந்தக் கட்டளைகள் பொருந்தாததால், அங்கே சேவை நொறுங்கி நின்றதோடு சரி.

நீளத்தையும் கேட்டு வாங்கும் 'எஃப்கெட்ஸ்' அப்போதே யூனிக்ஸில் இருந்தது. அந்த ஒரு வரியை மாற்றியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். இத்தனைக்குப் பிறகும், மறு ஆண்டே வெளியான முதல் சி தரநிலையில் கெட்ஸ் இடம்பெற்றது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தரநிலையிலிருந்து அதை நீக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் கல்லூரி ஆய்வகக் குறிப்பேட்டில், பெயரை வாங்கி அச்சிடும் பயிற்சி 20 எழுத்து கொள்ளும் அணியோடும் (array) கெட்ஸோடும்தான் இருந்தது. லினக்ஸில் தொகுத்தபோது, 'கெட்ஸ் ஆபத்தானது, பயன்படுத்தக் கூடாது' என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. வெளியீடு சரியாக இருக்கிறதே, அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார்கள். நானும் அப்படியே எழுதிக் கையொப்பம் வாங்கினேன்.