இரண்டாவது முறை நடத்தும் பாடம்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். 2 ஆண்டுப் படிப்பாயிற்று. அதில் 20 வாரம் பள்ளியில் கழிய வேண்டும். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போகும் பயிற்சி ஆசிரியர்களின் வகுப்பைப் பார்வையிடும் எங்களுக்கு அந்த 20 வாரத்தில் உறுத்துவது ஒன்றுதான். சறுக்கிய பாடத்தைத் திருத்தி மறுபடி நடத்திப் பார்க்க யாருக்கும் வழியில்லை. நாளைக்கு அடுத்த பாடம், அடுத்த பாடத்திட்டம்.

கல்லூரிக்குள் நடக்கும் நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது சக பயிற்சி ஆசிரியர்களையே மாணவர்களாக வைத்துச் சிறு பாடம் நடத்திப் பழகுவது, இதற்காகவே ஏற்பட்டது. 1963-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை. நம் நாட்டில் ஒரு சுற்றுக்கு 36 நிமிடம்: கற்பிக்க 6, பின்னூட்டத்துக்கு 6, திருத்தித் திட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி பின்னூட்டம் 6. அதிக நேரம் திருத்தி யோசிப்பதற்குத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் 30 பேரை ஒரே அறையில் வைத்துக்கொண்டால் முதல் 6 நிமிடம் முடிந்ததும் ‘நன்று’ என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட வேண்டியதாகிறது. மீதி எல்லாம் ரெக்கார்டு நோட்டில் ஏறுகிறது, வகுப்பில் நடப்பதில்லை. ஐந்தைந்து பேராகப் பிரித்துவிட்டால் 3 மணி நேரத்தில் ஐவரும் முழுச் சுற்றையும் முடிப்பார்கள். ஒருவர் நடத்த, மற்ற நால்வரில் ஒருவர் குறிப்பெடுக்கட்டும்.

பள்ளியில் நடக்கும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். நடுநிலை வகுப்பு, பின்னக் கூட்டல். கால் பங்கும் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்தால் எவ்வளவு? பாதி வகுப்பு 2/9 என்று எழுதும். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிய விடை. பயிற்சி ஆசிரியர் வட்டம் வரைந்த சார்ட்டைக் காட்டி, ‘பகுதியைச் சமமாக்கணும்’ என்று விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த வாரம் மறுபடி 2/9 வரும். ஏனென்றால் 2/9 ஏன் தப்பு என்பதைப் பிள்ளைகள் பார்க்கவே இல்லை.

இங்கே கண்ணெதிரே வயல் இருக்கிறது. இங்கத்திய நில அளவில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. கால் வேலி 5 மா, ஐந்தில் ஒரு வேலி 4 மா. சேர்த்தால் 9 மா, அதாவது 9/20. இப்போது 2/9 வேலியை மாவில் சொல்லச் சொல்லுங்கள்: நாலரை மாவுக்கும் குறைவு. கால் வேலி மட்டுமே 5 மா என்றால், அதோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு எப்படிக் குறையும்? அந்தக் கேள்வியைப் பிள்ளையே கேட்டுவிட்டால் பொதுப் பகுதி எதற்கு என்பது தானாக விளங்கும். தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் ‘மா’ என்ற சொல்லுக்கே இருபதில் ஒன்று என்றுதான் பொருள்.

இதிலும் ஒரு சறுக்கல் உண்டு, அது கணக்கைவிடப் பெரியது. ‘உங்க வீட்ல எத்தனை மா?’ என்று வகுப்பில் கேட்கக் கூடாது. நிலமில்லாத வீட்டுப் பிள்ளை அந்த நொடியே பாடத்திலிருந்து விலகிவிடும். நடவுக் கூலியை மாக்கணக்கில் பேசும் வீட்டில் வளரும் அந்தப் பிள்ளைக்குத்தான் மா என்பது மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ‘ஒரு மா நடவுக்கு எத்தனை ஆள் வேணும்?’ என்று கேட்டால் அதுவே முதலில் கை தூக்கும்.

பார்வையிடுபவர் கையில் இருக்க வேண்டியது மதிப்பெண் தாள் அல்ல. வகுப்பின் இருக்கைப் படம் போதும். யாரிடம் கேள்வி போகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. 45 நிமிட முடிவில் பார்த்தால் முன்வரிசையிலும் நடுப்பாதை ஓரத்திலும் கோடுகள் குவிந்திருக்கும், சன்னல் பக்கம் வெறுமையாக இருக்கும். இரண்டாவதாக, கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருந்தார் என்ற கணக்கு. பெரும்பாலும் ஒரு விநாடி, அதற்குள் விடையை ஆசிரியரே சொல்லிவிடுவார். மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீளும், பேசாத பிள்ளையும் பேசும். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொல்லிக் கொடுப்பதே நல்ல பயிற்சி. பாடம் முடிந்ததும், ‘டீச்சர், இந்தப் படத்தைப் பாருங்க, என்ன தெரியுது?’ என்று தாளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். நாம் தீர்ப்புச் சொன்னால் தலையாட்டுவார்கள். கோடுகளை அவர்களே எண்ணினால் மறுநாள் சன்னல் பக்கம் போய் நிற்பார்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்சி ஆசிரியர் எழுதும் பாடத்திட்டத்தைப் பற்றி ஒரே வார்த்தை. ‘மாணவர் அறிந்துகொள்வர், புரிந்துகொள்வர்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘6 கணக்கில் 4-ஐ உதவியின்றிப் போடுவர்’ என்று எழுதுங்கள். எண்ணிப் பார்க்க முடிந்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும்.

மறுபடி நடத்த நேரம் எங்கே என்பார்கள். அ, ஆ என்று இரண்டு பிரிவு உள்ள பள்ளியில் கேள்விக்கே இடமில்லை. திங்கள் அ பிரிவு, செவ்வாய் ஆ பிரிவு, நடுவில் ஒரு மாலை. ஒரே பிரிவுள்ள பள்ளிக்கு இரண்டு பேரை இணையாக அனுப்பினால், பாடத்தின் சறுக்கிய 10 நிமிடத்தை மட்டும் மறுநாள் மற்றவர் நடத்தலாம். பணியில் சேர்ந்துவிட்ட ஆசிரியர்களுக்குக் குறுவள மையக் கூட்டத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) இதே இருக்கைப் படம் உதவும்.

பயிற்சிக் காலம் ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் மழை விடுமுறை வாரங்களை விழுங்கும். அதற்காகப் பாட எண்ணிக்கையை ஈடுகட்ட ஒரே நாளில் மூன்று பாடம் நடத்தச் சொல்வது வீண். விடுமுறை விடாத அடைமழை நாளில் வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான் வருவார்கள். அன்றைக்குப் புதுப் பாடம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் பிரித்து வைத்து, ‘இந்த 2/9 எப்படி வந்துச்சு, சொல்லுப்பா’ என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.