உஹதில் வில்லாளர்கள் நின்ற மேடு

மதீனாவில் நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் உஹது மலை வந்துவிடுகிறது. செம்மண் நிறத்தில் நீளமாகக் கிடக்கும் மலை. எதிரே சின்னதாய் ஒரு பாறைமேடு. எல்லோரும் மலையைப் பார்க்க, என் கண் அந்த மேட்டிலேயே நின்றது. ஜபலுர் ருமாத். வில்லாளர்கள் நின்ற இடம்.

உஹது போர் நடந்தது ஹிஜ்ரி 3, ஷவ்வால் மாதம். மக்காவின் குறைஷிகள் 3000 பேர் திரண்டு வந்தார்கள். ஊருக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பதுதான் நபி (ஸல்) அவர்களின் எண்ணம். முந்தைய பத்ர் போரைத் தவறவிட்ட இளைஞர்கள் வெளியே போய்ப் போரிடத் துடித்தார்கள். அவர்கள் விருப்பத்துக்கே நபியவர்கள் இணங்கினார்கள். கிளம்பிய 1000 பேரில் 300 பேரை நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை வழியிலேயே திருப்பி அழைத்துப் போய்விட்டான்.

மேட்டில் 50 வில்லாளர்கள். பறவைகள் எங்களைக் கொத்திப்போவதைப் பார்த்தாலும் நான் ஆளனுப்பும்வரை நகராதீர்கள் என்பது நபியவர்களின் கட்டளை. மேலே ஏறி நின்றால்தான் அதன் அருமை புரிகிறது. மலைக்கும் மேட்டுக்கும் நடுவே உள்ள வெளி முழுக்கக் கண்ணுக்குள் அடங்குகிறது. எதிரி ஓடுவதும், விட்டுப்போன பொருள்கள் கிடப்பதும் இங்கிருந்து நன்றாகவே தெரிந்திருக்கும். போர் முடிந்துவிட்டது என்றே பெரும்பாலோர் இறங்கினார்கள். தலைவர் அப்துல்லாஹ் இப்னு ஜுபைரும் (ரலி) சிலரும் மட்டும் நின்றார்கள், அங்கேயே ஷஹீதானார்கள் (உயிர்த்தியாகிகளானார்கள்). அப்போது இஸ்லாத்துக்கு வராத காலித் இப்னு வலீதின் குதிரைப்படை பின்பக்கமாக வந்துவிட்டது.

நபியவர்களின் பல் உடைந்தது, முகத்தில் ரத்தம். சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) உட்பட சுமார் 70 பேர் ஷஹீதானார்கள். அவர்கள் அடங்கியிருக்கும் இடத்தில் கட்டடம் எதுவும் இல்லை, வெறும் மண்தான். ஸலாம் சொல்லும்போது முஸ்அப் இப்னு உமைர் (ரலி) நினைவு வந்து தொண்டை அடைத்தது. மக்காவில் செல்வமாக வளர்ந்தவர். தலையை மூடினால் கால் தெரியும், காலை மூடினால் தலை தெரியும். அவ்வளவு சிறிய துணிதான் கஃபனுக்கு, உடலைப் போர்த்தி அடக்க, இருந்தது. காலில் இத்கிர் புல்லைப் போட்டு அடக்கினார்கள்.

அங்கே எங்களோடு வந்த மார்க்க அறிஞரான ஹஜ்ரத், குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆவது வசனத்தை ஓதினார். உஹதுக்குப் பிறகு இறங்கிய வசனம். அவர்களை மன்னியுங்கள், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள், காரியங்களில் அவர்களிடம் ஆலோசனை கலந்துகொள்ளுங்கள் என்கிறது. மன்னிப்பதோடு நிற்கவில்லை பாருங்கள்! ஆலோசனைக்கு இணங்கி வெளியே வந்த போரில், மேட்டைவிட்டு இறங்கியதால் இத்தனை உயிர் போயிருக்கிறது. அதற்குப் பிறகும் அவர்களைக் கேளுங்கள் என்று அல்லாஹ் சொல்கிறான்.

கேட்கவும் செய்தார்கள். ஹிஜ்ரி 5-இல் பெரும்படை மதீனாவை நோக்கி வந்தபோது, அகழி வெட்டலாம் என்ற ஸல்மான் ஃபார்ஸியின் (ரலி) யோசனை அப்படியே ஏற்கப்பட்டது. அந்த கந்தக் (அகழி) பகுதிக்குத்தான் அடுத்து எங்கள் பஸ் கிளம்பியது.