குறுக்கே வெட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது

9 மீட்டர் பாய்மரப் படகு ஒன்றின் ஹல்லை, அதாவது உடல்பகுதியை, ரைனோ என்ற 3D வடிவமைப்பு சாஃப்ட்வேரில் வரைந்து முடித்து, நிழலோடு திடப்பொருள்போலக் காட்டும் ஷேடட் வியூவில் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோது ஒரு குறையும் கண்ணில் படவில்லை. வழவழவென்று இருந்தது. நீளத்துக்குக் குறுக்கே வெட்டும் ஸ்டேஷன்கள் பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், அவையும் நன்றாகவே இருந்தன. அப்புறம் நீளவாக்கில் சாய்வாக வெட்டும் டயகனல் ஒன்றை எடுத்து, அதன்மேல் வளைவின் அளவைக் காட்டும் கர்வேச்சர் கிராஃபைப் போட்டதும்தான், முன்முனையிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஒரு பள்ளம் இருப்பது தெரிந்தது. ஆழம் 4 மி.மீ.கூட இருக்காது. ஆனால் பளபளக்கும் பெயின்ட் அடித்து, சாய்ந்த வெயில் விழும்போது அந்த 4 மி.மீ. தூரத்திலிருந்தே பல்லைக் காட்டிவிடும்.

ஷேடட் வியூவில் நாம் பார்ப்பது மேற்பரப்பை அல்ல, அதன்மேல் போர்த்திய முக்கோண வலையை. முக்கோணங்கள் சேரும் இடங்களில் நிழலைக் கலந்து மென்மையாக்கித்தான் சாஃப்ட்வேர் காட்டுகிறது. சின்ன நெளிவு அதிலேயே கரைந்துபோகும்.

சரி, ஸ்டேஷன்களில் ஏன் மாட்டவில்லை? 11 ஸ்டேஷன் என்றால் இடைவெளி 90 செ.மீ. ஒரு ஸ்டேஷனைத் தனியாகப் பார்த்தால் அந்த இடத்தின் உருவம் மட்டும்தான் தெரியும், பக்கத்து ஸ்டேஷனோடு அது எப்படிச் சேர்கிறது என்பது தெரியாது. இப்போதெல்லாம் சம இடைவெளியில் வெட்டித் தரும் கான்டூர் கட்டளையில் 150 மி.மீ. இடைவெளி கொடுத்து அறுபது துண்டு வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாக முன்னாலிருந்து பார்க்கிறேன். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி படிப்படியாகக் கூடிக் குறைய வேண்டும். எங்காவது நாலு கோடு நெருங்கி, உடனே விலகினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், அளந்து பார்க்கும் முன்பே கண் சொல்லிவிடும்.

எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும் பக்கச் சுவருக்கு, நீர்மட்டத்துக்கு இணையாகக் கிடையாக வெட்டும் வாட்டர்லைன் நல்லது. அடிப்பகுதி தட்டையாகிவிட்டால் அதே வாட்டர்லைன் மேற்பரப்பைச் சீவுவதுபோல வெட்டும், ஒரு மி.மீ. உயர வித்தியாசத்துக்குக் கோடு எங்கோ ஓடிவிடும். அங்கே நீளவாக்கில் செங்குத்தாக வெட்டும் பட்டக் (buttock) கோடுகளைத்தான் பார்க்க வேண்டும். பக்கச் சுவர் அடிப்பகுதியாகத் திரும்பும் வளைவில் டயகனலுக்கு ஈடு எதுவும் இல்லை, ஏனென்றால் அது ஹல்லின் மேற்பரப்பை ஏறக்குறைய நேர்குத்தாக வெட்டுகிறது. என் பள்ளமும் அந்த வளைவில்தான் ஒளிந்திருந்தது.

கர்வேச்சர் கிராஃப் என்பது கோட்டின்மேல் முளைத்த முடி மாதிரி. வளைவு அதிகமான இடத்தில் முடி நீளம், நேராகும் இடத்தில் குட்டை. முடி நுனிகளைச் சேர்க்கும் கோடு நிதானமாக ஏறி இறங்க வேண்டும். முடி மறுபக்கம் புரண்டால் வளைவே திசை மாறிவிட்டது என்று பொருள், நாம் வேண்டுமென்றே அப்படி வரைந்திருந்தால் ஒழிய அது பிழை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெட்டி எடுத்த கோடு, சாஃப்ட்வேர் ஒரு டாலரன்ஸுக்குள், அதாவது அனுமதித்த சிறு பிழைக்குள், பொருத்தித் தருவது. அதனால் சில சமயம் முடிகள் பொடிப்பொடியாகச் சிலிர்த்து நிற்கும், மேற்பரப்பில் தப்பே இருக்காது. சந்தேகம் வந்தால் அந்தப் பகுதியில் ஓர் ஐசோகர்வை எடுத்து அதன் கிராஃபைப் பாருங்கள். அது மேற்பரப்பின் கணக்கிலேயே உள்ள கோடு, தோராயம் கிடையாது.

பள்ளம் தெரிந்ததும் பக்கத்துக் கண்ட்ரோல் பாயிண்டை, அதாவது மேற்பரப்பின் உருவத்தை இழுத்துப் பிடிக்கும் புள்ளியை, வெளியே இழுக்கத்தான் கை போகும். நானும் இழுத்தேன். பள்ளம் போய், இரண்டு பக்கமும் மேடு வந்தது. கணினி வராத காலத்தில் மெல்லிய மரப்பட்டியை வளைத்து, ஈய எடைகளால் பிடித்து நிறுத்திக் கோடு வரைவார்கள். ஒரு எடையைத் தூக்கியதும் பட்டி துள்ளி நகர்ந்தால், அந்த எடை பட்டியை வலுக்கட்டாயமாக வளைத்திருக்கிறது. இங்கேயும் அதே சோதனைதான். நீளவாக்கில் இருந்த 11 வரிசை கண்ட்ரோல் பாயிண்டுகளை டிகிரி 5-இல் (மேற்பரப்பை விவரிக்கும் சமன்பாட்டின் படி அது) 7 வரிசையாகக் குறைத்தேன். பள்ளம் தானாகவே மறைந்தது. கூடுதல் பாயிண்ட் ஒவ்வொன்றும் ஒரு மேட்டுக்கோ பள்ளத்துக்கோ இடம் கொடுக்கிறது என்பதை இனி மறக்கமாட்டேன். உருவமும் கொஞ்சம் நகரத்தான் செய்தது, ஆகவே பழைய ஸ்டேஷன்களைப் புதியவற்றின்மேல் வைத்து ஒப்பிட்டு, அகலம் குறைந்த இரண்டு இடங்களில் முழு வரிசையையும் சேர்த்து நகர்த்தினேன்.

கடைசியாக வெட்டுக்கோடுகளை மட்டும் நகலெடுத்து, நீளத்தை நாலில் ஒன்றாகச் சுருக்கிப் பார்த்தேன். கோட்டின் முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்ப்பதற்குச் சமம் அது, மிச்சம் மீதி நெளிவெல்லாம் எழுந்து நிற்கும். அந்த டயகனல் இப்போது ஒரே மூச்சில் ஏறி இறங்குகிறது. முன்முனையை ஒட்டிய 30 செ.மீ. மட்டும் பாக்கி, அங்கே வாட்டர்லைன்களை 50 மி.மீ. இடைவெளியில் வெட்ட வேண்டும்.