யானைமலை வரும் வரை

மேலூரிலிருந்து மதுரைக்கு வரும் காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் நோட்டை மடியில் விரித்துவிடுவேன். முந்தின நாள் ராத்திரி எழுதிய சுருக்கெழுத்தை முதல் வரியிலிருந்து வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு வருவேன். படிக்க முடியாத இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். ஒத்தக்கடை நெருங்கி, யானைமலை படுத்த நிலையில் முழுதாகத் தெரியும்போது நோட்டை மூடிவிட வேண்டும். படித்து முடித்திருந்தாலும் சரி, முடிக்காவிட்டாலும் சரி. இந்த வழக்கம் எனக்கு ஒரே நாளில் வரவில்லை. ஷார்ட்ஹேண்ட், அதாவது சுருக்கெழுத்து, சீனியர் தேர்வில் இரண்டு முறை தோற்ற பிறகுதான் வந்தது.

2014-இல் மதுரையில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்திருந்தேன். மாதம் 5,000 ரூபாய் சம்பளம். வக்கீல் சார் மனுக்களை வாயால் சொல்லச் சொல்ல நான் நேராகக் கம்ப்யூட்டரில் அடிப்பேன். அவர் யோசனை ஓடுகிற வேகத்துக்கு என் விரல் ஓடாது. ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, "ஆச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு, அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பதை அவரே மறந்து நிற்பார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். குமாஸ்தா அண்ணன்தான் ஒருநாள் சொன்னார்: "ஷார்ட்ஹேண்ட் படிச்சிரு பாப்பா. சாருக்கும் நல்லது, உனக்கும் நாளைக்கு கவர்மென்ட் வேலைக்கு ஆகும்."

அப்படித்தான் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் நீதிமன்றத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

ஆங்கிலத்துக்கு நாங்கள் படித்தது பிட்மன் முறை. ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்டது. எழுத்துக் கூட்டல் அதில் கிடையாது, காதில் விழுகிற ஒலிக்குத்தான் கோடு. தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சிரமம் உண்டு. நமக்கு ‘ப’ என்று ஒரே எழுத்துதான். பிட்மனில் ‘பின்’ (pin) என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலிக்கு மெல்லிய கோடு. ‘பில்’ (bill) என்பதன் முதல் ஒலிக்கு அதே கோட்டைக் கொஞ்சம் அழுத்திப் போட வேண்டும். ட, க எல்லாவற்றுக்கும் இப்படித்தான். உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கீற்றும் உண்டு, ஆனால் வேகம் கூடக்கூட அவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவோம். நோட்டில் உள்ள கோட்டுக்கு மேலே எழுதினோமா, அந்தக் கோட்டின் மேலேயே எழுதினோமா, கோட்டை வெட்டி எழுதினோமா என்பதை வைத்து முதல் உயிரொலியை ஊகித்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் ஒரு மயிரிழை குறைந்தால் வார்த்தையே மாறிப்போகும்.

ஜூனியர் நிமிடத்துக்கு 80 வார்த்தை, இன்டர் 100, சீனியர் 120. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வு. ஜூனியரும் இன்டரும் முதல் முறையிலேயே தேறிவிட்டேன். அதனால் சீனியரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். வீட்டில் காலண்டர் பக்கத்தில் 120 என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். தினம் காலையில் கண்ணில் பட வேண்டும், அதுவே என்னை இழுத்துக்கொண்டு போகும் என்று நம்பினேன். பத்து நாளில் அது கண்ணில் படுவதே நின்றுவிட்டது. சுவரோடு சுவராகிவிட்டது.

அப்போது நான் படித்த விதத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை களைப்பு, பஸ், வீட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் தொடர்ந்து எழுதுவேன். போனில் பதிவு செய்த டிக்டேஷனை 130-இல் ஓடவிட்டுத் துரத்துவேன். கை வலிக்க வலிக்க எழுதினால் உழைத்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி வரும். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க மாட்டேன். படித்தால் தெரிந்துவிடும் என்ற பயம் உள்ளுக்குள் இருந்திருக்கிறது. இப்போது அதைச் சொல்ல முடிகிறது, அப்போது எனக்கே தெரியாது.

முதல் முறை தோற்றபோது வினாத்தாளைக் குறை சொன்னேன். இரண்டாம் முறை டிக்டேஷன் வாசித்தவரின் உச்சரிப்பை.

அதற்குப் பிறகு நடந்த ஒரு விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. ஒரு விவாகரத்து மனு. கணவர் தன்னைத் துன்புறுத்தினார் என்று அந்த அம்மாள் சொல்வதாக சார் டிக்டேஷன் கொடுத்தார். அவர் சொன்ன சொல் ‘பெர்சிக்யூட்’. நான் டைப் செய்து வைத்தது ‘ப்ராசிக்யூட்’, அதாவது கணவர் அவர்மீது வழக்குத் தொடர்ந்தார். இரண்டுக்கும் மெய்யொலிகள் ஒன்றேதான் என்பதால் பிட்மன் புத்தகத்தில் வேறு வேறு வடிவம் கொடுத்திருப்பார்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டு இரண்டுக்கும் ஒரே வடிவத்தை இழுத்துப் பழகியிருந்தேன். நல்லவேளை, நகலெடுக்கும் முன் சார் படித்துவிட்டார். கோபப்படவில்லை. அந்தச் சொல்லை வட்டமிட்டு, "அந்தம்மா பட்டதை நாம சரியாச் சொல்லணும்மா. அவங்களுக்காகப் பேச நம்மளை விட்டா இங்க யாரு இருக்கா?" என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதுவரை 120 என்பது எனக்கு ஒரு சான்றிதழ், ஒரு வேலை, சொந்தக்காரர்கள் முன்னால் ஒரு மரியாதை. இந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஒரு மனுஷியின் வாழ்க்கை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்று மாலை மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பழைய நோட்டை வாங்கி மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தைத் திறந்து, "படி" என்றார். நான்காவது வரியைத் தாண்ட முடியவில்லை. "படிக்கத் தெரியாத எழுத்தை வேகமா எழுதி என்னம்மா பண்ணப் போற?" என்றார். பிறகு, "ராத்திரி ஒரே ஒரு பாசேஜ் எழுது. நூறுல போதும். காலையில படி. அவ்வளவுதான் வேலை. ஞாயித்துக்கிழமை வேணும்னா தூங்கு" என்றார்.

சரி என்று ஆரம்பித்தேன். டிக்டேஷன் வாசிக்க ஆள் வேண்டுமே. பத்தாவது படித்துக்கொண்டிருந்த தம்பியைப் பிடித்தேன். நூறு வேகம் என்றால் 15 விநாடிக்கு 25 வார்த்தை. அதனால் பாசேஜில் 25 வார்த்தைக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடுவேன், அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பான். நான்கு நிமிடம், 400 வார்த்தை. சட்டச் சொற்கள் வாயில் நுழையாமல் முதலில் திணறினான். சனிக்கிழமை ராத்திரி பரோட்டா வாங்கித் தருவது எங்கள் ஒப்பந்தம். ஒரு சனிக்கிழமைகூட அதை நான் தவறவிட்டதில்லை, அவனும் ஒரு ராத்திரிகூட முகம் சுளித்ததில்லை.

காலையில் பஸ்ஸில் படிப்பு. மதியம் சாப்பிட்ட பிறகு, வட்டமிட்ட சொற்களை ஒவ்வொன்றாக ஒரு வரி முழுக்க எழுதிப் பார்ப்பது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும், அன்றைய வட்டங்களின் எண்ணிக்கையும். வேறு எதையும் குறிக்கவில்லை.

முதல் நாள் 43 வட்டங்கள். பஸ்ஸில் எனக்கு முகம் சிவந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டால் என்ன என்று நோட்டைச் சாய்த்துப் பிடித்தேன். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு காலையும் நோட்டைத் திறக்க மனமே வராது. நம் தப்பை நாமே தினமும் பார்ப்பது பழக்கமில்லாத வேலை. ஆனால் யானைமலை வந்தால் அது முடிந்துவிடும் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. எல்லை தெரிந்த கஷ்டத்தை மனசு தாங்கிக்கொள்கிறது. மலை தாண்டிய பிறகு அந்த வட்டங்களைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். மதியம் வரை அவை நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒரு மாதத்தில் 20-க்குள் வந்தது. அப்புறம் 12, 15, 13 என்று ஆறு வாரம் அங்கேயே நின்றது. தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. பழைய நானாக இருந்தால் வேகத்தைக் கூட்டி இன்னும் அதிகமாக எழுதியிருப்பேன். இந்த முறை வட்டங்களைப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே தப்பு: அழுத்திப் போட வேண்டிய கோடுகளை மெல்லியதாகப் போட்டிருந்தேன். அதுவும் ஒவ்வொரு பாசேஜின் கடைசி நிமிடத்தில்தான். கை களைத்ததும் அழுத்தம் போய்விடுகிறது. பென்சிலை விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடிக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மாஸ்டர் பார்த்துவிட்டு, "எண்பதுக்கு இறங்கு" என்றார். இன்டர் தேறிய பெண், சீனியர் தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால் ஜூனியர் வேகத்துக்கு இறங்குவதா? அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த முழுப் பயணத்திலும் எனக்கு மிகக் கடினமாக இருந்தது அந்த இறக்கம்தான். உழைப்பதற்கு நான் என்றைக்குமே அஞ்சியதில்லை. பின்னால் போவதைத்தான் ஏற்றுக்கொள்ளத் தெரியாமல் இருந்தது. மென்மையான லெட் உள்ள பென்சில் வாங்கினேன், பிடியைத் தளர்த்தினேன், பத்து நாள் எண்பதிலேயே எழுதினேன். பிறகு ஐந்தைந்தாக ஏற்றினோம்.

நடுவில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. எட்டு நாள் நோட்டைத் தொடவில்லை. முன்பெல்லாம் இப்படி இடைவெளி விழுந்தால் விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கப் பார்த்து, முடியாமல், ஒரு மாதம் கைவிட்டுவிடுவேன். இந்த முறை ஒன்பதாம் நாள் வழக்கம்போல ஒரே பாசேஜ். வட்டம் 22. தேதி போட்டு எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

என் பிடிவாதத்தை மட்டும் சொன்னால் அது உண்மையாகாது. சார் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் எனக்காகவே நிஜமான டிக்டேஷன் கொடுத்தார். மதியம் நான் எழுதும்போது குமாஸ்தா அண்ணன் போனைத் தானே எடுத்துப் பேசினார். இப்படிப்பட்ட இடம் அமையாமல் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் பாதியில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். ஆசைப்பட்டால் எதுவும் நடக்கும் என்று யாராவது மேடையில் சொல்லும்போது, அவர்கள் முகம்தான் எனக்கு முன்னால் வருகிறது.

மூன்றாவது முறை, 2017. 120 வேகம் என்றால் விநாடிக்கு இரண்டு வார்த்தை. இரண்டாவது நிமிடத்தில் ஒரு சொல் காதில் விழவில்லை. முன்பு இரண்டு தேர்விலும் நான் கவிழ்ந்தது இப்படித்தான். விழுந்த சொல்லை நினைத்து மூன்று விநாடி நின்றால் ஆறு வார்த்தை போய்விடும், அதைப் பிடிக்கப் போய் இன்னும் ஆறு. இந்த முறை அந்த இடத்தில் ஒரு விரல் அகலம் இடம் விட்டுவிட்டுக் கை மேலே போனது. நானாக முடிவெடுத்ததாக நினைவில்லை. பார்ப்பதற்குப் பிறகு நேரம் உண்டு என்று அத்தனை மாதம் பஸ்ஸில் பழகியது கைக்குத் தெரிந்திருந்தது. டைப் செய்யும்போது முன்னும் பின்னும் படித்ததில் அந்தச் சொல் தானாகவே வந்து உட்கார்ந்தது.

தேறினேன். ரிசல்ட்டைக் காட்டியபோது சார் எழுந்து நின்று கை கொடுத்தார். அன்றைக்குக் கிழமை புதன். ஆனாலும் தம்பிக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு போனேன்.

2018 பிப்ரவரியில் நடந்த குரூப் 4 எழுதி, இப்போது ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். 200 கேள்விகளுக்கான அந்தப் படிப்பையும் இதே பஸ்ஸில், இதே சிவப்புப் பென்சிலோடுதான் முடித்தேன். ஸ்டெனோ வேலைக்குத் தமிழ்ச் சுருக்கெழுத்தும் வேண்டும். அலுவலகத்தில் கோப்புகள் எல்லாம் தமிழில்தான் ஓடுகின்றன. அதனால் தமிழ் ஆரம்பித்திருக்கிறேன். தம்பி வேலைக்காக ஓசூர் போய்விட்டான். ராத்திரி போனில் வாசிக்கிறான், அங்கிருந்தே.

இன்று காலை யானைமலை வருவதற்குள் பக்கத்தை முடிக்கவில்லை. அதுவரைக்கும் 31 வட்டங்கள். தேதி போட்டு எழுதிவிட்டு நோட்டை மூடினேன்.