எந்தத் தேசத்தின் பெயரால்?

ஜெர்மானியர்களின் பெயரால் போர் தொடுத்து, ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்றொழித்த ஹிட்லர், 1925இல் ஆஸ்திரியக் குடியுரிமையைத் துறந்தது முதல் 1932 பிப்ரவரி வரை எந்த நாட்டுக்கும் குடிமகனாக இருக்கவில்லை. 1930 தேர்தலில் 107 இடங்களைப் பிடித்து அவருடைய நாஜிக் கட்சி ஜெர்மன் நாடாளுமன்றத்தின் இரண்டாவது பெரிய கட்சியானபோதும், அவருக்கு அந்நாட்டில் வாக்குரிமையே இல்லை. அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க வேண்டும் என்பதற்காகவே, அவர் கட்சி ஆட்சியில் பங்குவகித்த பிரவுன்ஷ்வைக் மாநிலம் அவருக்கு ஓர் அரசுப் பதவியை அளித்தது. பதவியோடு குடியுரிமையும் வந்து சேர்ந்தது.

இதை ஒரு விந்தைச் செய்தியாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோக என்னால் முடியவில்லை. தேசம் என்பது இரத்தத்தில் இருப்பது என்று முழங்கியவரின் தேசம், அவர் தாமே தேர்ந்துகொண்டது. அந்தத் தேர்வை மெய்யாக்கிக் கொடுத்தவர்கள் நீதிபதிகளும் அதிகாரிகளும்.

1923இல் மியூனிக் நகரில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்ற ஹிட்லர், மறு ஆண்டு விசாரணைக்கு வந்தார். அத்தகைய குற்றம் உறுதியான வெளிநாட்டவரை நாடு கடத்த வேண்டும் என்றது குடியரசுப் பாதுகாப்புச் சட்டம். ஜெர்மானியராகவே சிந்தித்து, ஜெர்மானியராகவே உணர்ந்து, ஜெர்மன் படையில் நான்கரை ஆண்டுகள் பணியாற்றிய ஒருவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. அதாவது, சட்டம் குடியுரிமையைக் கேட்டபோது நீதிபதிகள் உணர்ச்சியைச் சான்றாக ஏற்றுக்கொண்டார்கள். அவர் பணியாற்றிய அதே முதல் உலகப் போரில், அதே படையில் ஏறத்தாழ 1,00,000 யூதர்கள் பணியாற்றினார்கள். சுமார் 12,000 பேர் உயிரிழந்தார்கள். யூதர்களின் குடியுரிமையைப் பறித்து 1935இல் வந்த நியூரெம்பர்க் சட்டங்கள், எஞ்சியவர்களிடம் பாட்டன் பாட்டியின் மதத்தைக் கேட்டனவே தவிர, அவர்கள் எவ்வளவு ஜெர்மானியராக உணர்ந்தார்கள் என்பதைக் கேட்கவில்லை. இந்த அநீதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது.

விளிம்பில் பிறந்தவர்களுக்குத் தேசவெறி மிகுதியாக இருக்கும் என்று பலர் விளக்கம் சொல்வதுண்டு. 1922ஆம் ஆண்டின் இறுதியில், ஜார்ஜியா சோவியத் ஒன்றியத்தில் எப்படி இணைவது என்ற பிரச்சினையில் ஸ்டாலின் நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்து எழுதிய குறிப்புகளில், ரஷ்யராக மாறிய பிற இனத்தவர் ரஷ்ய உணர்வை அளவுக்கு மீறிக் காட்டுவார்கள் என்று லெனினும் சொன்னார். இளமையில் ஜார்ஜிய மொழியில் கவிதை எழுதியவரும், ரஷ்ய மொழியைக் கடைசிவரை ஜார்ஜிய உச்சரிப்போடே பேசியவருமான ஸ்டாலின், 1945 மே 24 அன்று கிரெம்ளின் விருந்தில் ரஷ்ய மக்களையே சோவியத் ஒன்றியத்தின் தலைசிறந்த தேசமாக உயர்த்திப் பேசினார் என்பதைப் பார்த்தால், லெனின் சொன்னது சரியென்றே தோன்றும். பிரான்ஸின் ஆட்சியில் இருந்த கோர்சிகாத் தீவின் விடுதலையைக் கனவுகண்ட இளைஞன் நெப்போலியன் பிரான்ஸின் பேரரசரானதும் நினைவுக்கு வரும்.

ஆயினும் இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. எல்லை ஊர்களில் பிறந்து, இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்ந்து, யாருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்ந்து மறைந்தவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. வேறுபாடு பிறந்த இடத்தில் இல்லை, தேசத்தை ஒருவர் என்னவாகக் காண்கிறார் என்பதில் இருக்கிறது. ஹிட்லர் நேசித்தது அடுப்பெரித்து, பிள்ளை வளர்த்து, நோயுற்று வாழும் ஜெர்மானியர்களை அல்ல, தம்முடைய பெருமையைத் தமக்குத் திருப்பிக் காட்டிய ஒரு கற்பனை ஜெர்மனியை. ஊனமுற்ற ஜெர்மானியர்களைக் கொல்லும் திட்டத்துக்கு 1939இலேயே அவர் கையெழுத்திட்டது இதனால்தான் எனக்கு வியப்பளிக்கவில்லை.

1945 மார்ச் 19 அன்று, பின்வாங்கும் படைகள் ஜெர்மனியின் தொழிற்சாலைகளையும் பாலங்களையும் ரயில் பாதைகளையும் தகர்த்துவிட வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். மக்கள் உயிர்வாழ அவை தேவை என்று அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பேர் வாதிட்டபோது, இந்த மக்கள் தம்மை வலுவற்றவர்களாகக் காட்டிவிட்டார்கள், அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று கவலைப்படத் தேவையில்லை என்ற பொருளில் ஹிட்லர் பதிலளித்ததாக ஷ்பேர் பதிவுசெய்திருக்கிறார்.