மலை ஏறி இறங்கும் பிக் பிளாக்குக்கு எந்த நீள ராட்?

நீலகிரியில் பிக் பிளாக் (பெரிய அமெரிக்க V8) இன்ஜின் கட்டும் வேலை அபூர்வமாகத்தான் வரும். வந்தால், பேச்சு உடனே கனெக்டிங் ராட், அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின் நீளத்துக்குப் போய்விடும். நீள ராட் போட்டால் இழுவை கூடும் என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது.

செவர்லே 454-ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், 4 அங்குலம் (இனி வரும் அளவுகளும் அங்குலத்தில்தான்). கம்பெனி ராட், மையத்துக்கு மையம் 6.135. அதை எடுத்துவிட்டு 6.385 போட்டால், கிராங்க் 90 டிகிரி திரும்பிய நிலையில் பிஸ்டன் நிற்கும் இடம் 0.014 அங்குலம்தான் மாறும். ராடின் அதிகபட்சச் சாய்வு 19 டிகிரியிலிருந்து 18¼-க்கு இறங்கும். ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) சிலிண்டர் சுவரில் சாய்ந்து தேய்வது கொஞ்சம் குறையும், அது நல்லதுதான். ஆனால் குன்னூர் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறுகிறவர் இதை உணரவே முடியாது.

அதனால் ஸ்ட்ரோக்கை முதலில் முடிவு செய்யுங்கள், அடுத்து பிஸ்டனை. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சும் நீளம்தான் ராட். பிளாக்கின் டெக் உயரம், அதாவது கிராங்கின் மையத்திலிருந்து பிளாக்கின் மேல் தளம் (டெக்) வரை, 9.800. ஸ்ட்ரோக்கில் பாதி 2.000, ராட் 6.135, பிஸ்டனின் கம்ப்ரெஷன் ஹைட் (பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை) 1.645: கூட்டினால் 9.780. பிஸ்டன் டெக்குக்கு 0.020 கீழே நிற்கும். 6.385 ராட் என்றால் கம்ப்ரெஷன் ஹைட் 1.395 வேண்டும். ஸ்ட்ரோக்கையும் 4.25 ஆக்கினால் 1.270.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்த 1.270-ஐ. பிஸ்டனையும் ராடையும் கோக்கும் பின்னின் விட்டம் 0.990. ஆகவே பின் துளையின் மேல் விளிம்பு, பிஸ்டன் தலையிலிருந்து 0.775 தூரத்தில் வந்துவிடுகிறது. 1/16, 1/16, 3/16 ரிங்குகள் தங்கள் இடைவெளியோடு சுமார் 0.84 கேட்கும். ஆயில் ரிங் காடி பின் துளைக்குள் இறங்கும். அடியில் தாங்கு வளையம் போட்டாக வேண்டும். சமவெளியில் இது பெரிதாகத் தொல்லை தராது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜின் பிரேக்கில் இறங்கும்போது கதை வேறு. த்ராட்டில் மூடியிருக்க, சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. சிலிண்டருக்குள் வெற்றிடம் ஏறி, ரிங்குகளைத் தாண்டி ஆயிலை உறிஞ்சும். அடிவாரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் நீலப்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். 1.395 பிஸ்டனில் அந்த விளிம்பு 0.900-ல் இருப்பதால் ஆயில் ரிங் முழு உலோகத்தின் மேல் உட்காருகிறது. மலைக்கு 4 அங்குல ஸ்ட்ரோக், 6.385 ராட் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே காரணம். 4.25 ஸ்ட்ரோக்தான் வேண்டுமென்றால் 1.5, 1.5, 3 மில்லிமீட்டர் மெல்லிய ரிங்குகள் கேளுங்கள். அதோடு 6.135 ராடைச் சேர்க்க வேண்டாம்: பிஸ்டன் அதிகம் கீழிறங்கி, ஸ்கர்ட் கிராங்கின் எதிர் எடையில் இடிக்கப் பார்க்கும்.

ராடுக்குச் செலவழிக்கும் முன் டெக்கைச் சீவ வேண்டும். 0.020 பள்ளமும் 0.039 கேஸ்கட்டும் சேர்ந்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் 0.059 இடைவெளி, நாக்கிங்குக்கு (எரிபொருள் தானாக வெடித்துத் தட்டுவதற்கு) வழி. பள்ளத்தைச் சீவி நீக்கினால் 0.039. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே காதால் கேட்டு டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) முன்னே தள்ளி வைத்த வண்டி, மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போது, கல்லாறு தாண்டிய முதல் வளைவுகளிலேயே நாக் அடிக்கும். டைமிங்கை அடிவாரத்தில், சூடான இன்ஜினில், முழு லோடில்தான் சரிபார்க்க வேண்டும்.

டெக் சீவும் முன் ரிங் இல்லாமல் எட்டு பிஸ்டனையும் மாட்டி, டயல் கேஜில் உச்ச நிலையை அளந்துகொள்ளுங்கள். பிக் எண்ட் (கிராங்கில் மாட்டும் பெரிய முனை) மறுஅளவு செய்த பழைய ராட், அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு குட்டையாகியிருக்கும்; எட்டும் ஒரே அளவில் இராது. கிராங்கைக் கையால் முழுச் சுற்று சுற்றி, ராட் போல்ட்டுக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) நடுவே 0.060 இருக்கிறதா என்று களிமண் ஒட்டிப் பாருங்கள். கிராங்கில் ராட் மாட்டும் ஒரே ஜர்னலில் இரண்டு ராட் உட்காரும். சாய்வு சீவிய பக்கம் ஜர்னல் ஓரத்திலுள்ள கிராங்கின் வளைவை நோக்கியும், தட்டையான பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கியும் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் பேரிங் விளிம்பு அந்த வளைவில் ஏறி, சீக்கிரமே தேய்ந்து போகும்.